ஸ்பூனுக்குப் பதினைந்து கிராம்

என் வீட்டுக்காரர் கோகுல்நாத்துக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாடு வேலை. அங்கே பண்ணுகிற கட்டுப்பாடு போதாதென்று வீட்டுக்கும் ஒரு எலக்ட்ரானிக் தராசை வாங்கி வந்து என் உயிரை எடுத்தார். "ஸ்பூன், ஆழாக்கு, சிட்டிகை எல்லாம் ஒரு அளவா நிவே? கிராம்ல சொல்லு" என்பார். நான் உப்பைக் கையால் அள்ளிப் போட்டால் அவர் முகம் சுருங்கும்.

சித்திரை ஒன்றாம் தேதி எங்கள் காட்டுப்பாக்கம் ஃப்ளாட்டில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவோம். இந்த வருஷம் வேப்பம்பூ ரசம் தன் பொறுப்பு என்று இவர் வாட்ஸ்அப் குரூப்பில் தானாகப் போய்த் தலையைக் கொடுத்தார். என்னிடம் பந்தயம் வேறு. ரசம் நன்றாக இருந்தால் என் ஆழாக்கும் ஸ்பூன்களும் பரணுக்குப் போகும். சொதப்பினால் தராசு போகும்.

நாலு பேருக்கு ஒரு பெரிய ஸ்பூன் காய்ந்த வேப்பம்பூ என்பது என் கணக்கு. அப்படியென்றால் அறுபது பேருக்குப் பதினைந்து ஸ்பூன். அதோடு விட்டாரா மனுஷன்? பெரிய ஸ்பூன் என்றால் பதினைந்து கிராம் என்று நெட்டில் பார்த்து, பூந்தமல்லிக்குப் போய் இருநூற்று இருபத்தைந்து கிராம் வாங்கி வந்தார். ஸ்கூட்டரின் முன்னால் குட்டித் தலையணை மாதிரி ஒரு பை உட்கார்ந்திருந்தது.

"என்னங்க, அந்தப் பதினைஞ்சு கிராம் தண்ணிக்குங்க. இது வெறும் சருகு. ஸ்பூனுக்கு ஒரு கிராம் தேறினாலே பெருசு."

"தோத்துடுவோம்னு உனக்குப் பயம்" என்று சிரித்தார்.

எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். ஆனால் வருஷப்பிறப்பன்று கீழே அண்டா முன்னால், சட்டைக் கையை மடித்துவிட்டு, புளியைத் தராசில் வைத்துக்கொண்டு நின்றவரைப் பார்த்தால் பாவமாக இருந்தது. அறுபது பேரும் ரசத்தைத் துப்பினால், தொங்கிப்போன இந்த முகத்தை வருஷம் முழுக்க நானல்லவா பார்க்க வேண்டும்? "பூவை நெய்யில நான் வறுத்துத் தரேன்" என்று பையோடு வீட்டுக்கு வந்தேன். பதினைந்து ஸ்பூனை மட்டும் வறுத்தேன். மிச்சத்தை அவர் கண்ணில் படாத இடத்தில் வைத்தேன்.

"இவ்ளோதானா?" என்றார்.

"வறுத்தா சுருங்காதா?" என்றேன்.

ரசம் பிரமாதம். எங்கள் சங்கச் செயலாளர் ஏகாம்பரம் அண்ணன் திரும்பத் திரும்ப வாங்கிக் குடித்தார். என் ஆழாக்கும் ஸ்பூன்களும் பரணுக்குப் போயின. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாளிலிருந்து காப்பித்தூள்கூடத் தராசில் ஏறித்தான் இறங்கியது. உண்மை நாக்கு நுனி வரை வரும். அவர் சந்தோஷத்தைப் பார்த்ததும் விழுங்கிவிடுவேன்.

மனுஷன் அதோடு அடங்கியிருக்கலாம். குரூப்பில் செய்முறையைப் போட்டார். நாலு பேருக்குப் பதினைந்து கிராம் வேப்பம்பூ. நானும் பார்த்தேன். ஒரு கட்டைவிரல் லைக் மட்டும் போட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏகாம்பரம் அண்ணன் ஒரு தூக்குச்சட்டியோடு வாசலில் நின்றார்.

"இன்னா தம்பி, நீ சொன்னாப்பல எட போட்டுத்தான் போட்டேன். எங்க ஊட்ல ஒருத்தரும் வாயில வெக்கல. நீயே கொஞ்சம் குடிச்சுப் பாரு."

நானே ஒரு டம்ளர் நிறைய ஊற்றிக் கொடுத்தேன். அண்ணன் பார்த்துக்கொண்டு நின்றதால் இவரால் துப்பவும் முடியவில்லை. விழுங்கினார். கண்ணில் தண்ணீர் முட்டியது.

அண்ணன் போனதும் சோபாவில் உட்கார்ந்தார். "அதே அளவுதானே நிவே? நம்ம ரசம் மட்டும் எப்படிக் கசக்கல?"

நான் உள்ளே போய் அவருடைய தலையணையை எடுத்து வந்து மடியில் வைத்தேன். வருஷப்பிறப்பிலிருந்து என்னமோ நல்ல வாசனை, படுத்ததும் தூக்கம் வருகிறது என்று அவர் மெச்சிக்கொண்டிருந்த தலையணை.

"மிச்சம் இதுக்குள்ள இருக்கு. எடை போட்டுப் பாருங்க."

அமுக்கிப் பார்த்தார். சருகு நொறுங்கும் சத்தம் கேட்டது. எழுந்து போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு, பரணுக்குள் கையை விட்டார்.

"ஆழாக்கை எந்தப் பக்கம் வெச்சேன்?" என்றார்.