பயிற்சிக்குப் போகாத டீச்சர்

தலைமையாசிரியர் காலையிலிருந்து அறிவியல் டீச்சரைக் கூப்பிட்டு அனுப்புவதும், அவள் வந்து நின்றதும் "ஒண்ணுமில்லம்மா, அப்புறம் பேசலாம்" என்று திருப்பி அனுப்புவதுமாக இருந்தார். சொல்ல வேண்டியது ஒரே விஷயம். இந்த வெள்ளிக்கிழமையோடு அவளுக்கு வேலை போகிறது. அதைச் சொல்ல மனுஷனுக்கு வாய் வரவில்லை. எப்படி வரும்? செய்து வைத்த காரியம் அப்படி.

புதுச் சட்டம் ஒன்றும் அநியாயச் சட்டமில்லை. சான்றிதழ் இல்லாதவர் பாடம் நடத்தக் கூடாது. ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் கெடுவுக்குள் பயிற்சிக்குப் போய் வாங்கிக்கொள்ளலாம். இரண்டு மாதப் பயிற்சி, அதுவும் பள்ளி நடக்கிற நாட்களில். தலைமையாசிரியர் சம்மதித்து அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். நம்மவர் என்ன செய்தார்? யார் இல்லாவிட்டாலும் பள்ளிக்கூடம் தடுமாறாதோ, அவர்களாகப் பார்த்துப் பொறுக்கி அனுப்பினார். பிள்ளைகள் 'கொட்டாவி' என்று பேர் வைத்திருக்கும் சரித்திர வாத்தியார்தான் முதலில் போனார். அவர் இல்லாத இரண்டு மாதமும் ஒரு ஈ காக்கை கூட அவரைத் தேடவில்லை. அடுத்து, மேஜைக்கடியில் போனைப் பார்த்துக்கொண்டே காலத்தை ஓட்டுகிற கணக்கு வாத்தியார். இரண்டு பேரும் இப்போது சான்றிதழோடு ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார்கள்.

அறிவியல் டீச்சர் கேட்டபோதெல்லாம், "நீங்க போயிட்டா பத்தாம் வகுப்பு என்னம்மா ஆகும்? அடுத்த தடவை பாக்கலாம்" என்று சொல்லிவிட்டார். அதைப் பெரிய பாராட்டு என்றே நினைத்தார். பாவம், அவளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

கெடு நெருங்கிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. அடித்துப் பிடித்துக்கொண்டு கல்வி அலுவலகத்துக்கு ஓடினார்.

"இவங்க மாதிரி ஒரு டீச்சர் கிடைக்க மாட்டாங்க மேடம்" என்று கெஞ்சினார்.

"அப்போ அவங்களையில்ல முதல்ல அனுப்பியிருக்கணும்?" என்றாள் அதிகாரி அம்மாள்.

ஆசிரியர்களின் பொறுப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாகச் சொல்கிற அந்தச் சட்டத்தில், அனுப்பாத தலைமையாசிரியரைக் கேள்வி கேட்க ஒரு வரி கூடக் கிடையாது. இருந்திருந்தால் அவருக்கே கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மதியம் அவளே வந்துவிட்டாள். ஆய்வகத்திலிருந்து நேராக வந்திருந்தாள். விரல்களில் மயில்துத்தத்தின் நீலம்.

"என்னன்னு சொல்லிடுங்க சார். காலையிலேருந்து நடையா நடக்கறேன்."

மென்று விழுங்கி ஒருவழியாகச் சொல்லி முடித்தார். சட்டத்தைத் திட்டினார், அலுவலகத்தைத் திட்டினார். "வேணும்னா நம்ம ஸ்கூல் ஆபீஸ்ல ஏதாவது ஒரு வேலை போட்டுத் தர முடியுமான்னு..." என்று இழுத்தார்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் தேவலை.

"போன வருஷம் எங்க மாமியார் பெட்டியோட வந்து இறங்கினாங்க சார். ரெண்டு மாசம் குழந்தையப் பாத்துக்கறேன், நீ நிம்மதியா பயிற்சிக்குப் போயிட்டு வான்னாங்க. நீங்க வேண்டாம்னுட்டீங்க. 'உங்க ஹெட்மாஸ்டருக்கு உன் மேல எவ்வளவு மதிப்பு பாரேன்'னு பெருமைப்பட்டுக்கிட்டே திரும்பிப் போனாங்க."

"தப்புதாம்மா. பிள்ளைங்க படிப்பு கெட்டுடக் கூடாதேன்னுதான்..."

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. நானும் ஏதோ சுமாரா நடத்தியிருந்தா, என்னை அனுப்பியிருப்பீங்க இல்ல?"

பூசி மெழுகப் பார்த்தார். அவள் வைத்த கண் வாங்காமல் அவரையே பார்த்தாள்.

"அனுப்பியிருப்பேன்" என்றார்.

அடுத்த பாடவேளைக்கு மணி அடித்தது. மாடியில் பத்தாம் வகுப்பு கூச்சல் போட ஆரம்பித்தது. அந்தக் கூச்சல் காதில் விழுந்ததும் அவர் வாய், பழக்கதோஷம், தானாகவே பேசிவிட்டது.

"பெல் அடிச்சிடுச்சும்மா. போங்க, பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்காங்க."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே புரிந்தது.

"இருக்கட்டும் சார்" என்றாள் அவள். எழுந்திருக்கவில்லை.