புலிக்கூண்டு, நாலு மணி

பாக்கியவதி அத்தை சும்மா ஊர் சுற்றுகிறவள் இல்லை. சிவகாசியில் நர்ஸ். தீபாவளிச் சீசன் முடிந்து, வெடிக் கம்பெனிகளிலிருந்து தீக்காயத்தோடு வருகிறவர்கள் குறைந்த பிறகுதான் அவளுக்கு லீவு கிடைக்கும். அந்த லீவிலும் திருத்தங்கல் வீட்டில் படுத்துத் தூங்குவாள். அப்படிப்பட்டவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்த கையோடு விருதுநகரில் எங்கள் வீட்டுக்கு வந்து நின்றாள்.

"ஏலே சுந்தரு, திருவனந்தபுரத்துல எம்புட்டோ பெரிய மிருகக் காட்சி சாலை இருக்காம்லே. சிங்கம், புலி எல்லாம் வளக்காகளாம். ஜோதியையும் கூட்டிக்கிட்டு நாம மூணு பேரும் போயிட்டு வருவோம்" என்று என் அப்பாவிடம் சொன்னாள்.

இது என்னைப் பெண் பார்க்க வைக்கிற ஏற்பாடு என்று எனக்கு அப்போதே பட்டுவிட்டது.

காரணம் இருக்கிறது. எங்கள் சொந்தத்தில் யாரும் வீடு தேடி வந்து பெண் பார்ப்பதில்லை. வந்து பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் பெயர் கெட்டுவிடுமாம். அதனால் எல்லாம் தற்செயல்போல நடக்கும். சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற அசன விருந்தில் பக்கத்துப் பந்தியில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கும். கன்வென்ஷன் ஜெபக்கூட்டப் பந்தலில் யாரோ நம்மிடம் மட்டும் தண்ணீர் கேட்பார்கள். பார்க்கப்படுகிற ஆளிடம் கடைசிவரை மூச்சு விடமாட்டார்கள். ஆமத்தூர்ச் சித்தி மகளை, யாரையோ வழியனுப்ப வேண்டும் என்று சொல்லித்தான் ரயில்வே ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். தை மாதம் அவளுக்குக் கல்யாணம். அதற்கும் சூத்திரதாரி இதே அத்தைதான்.

எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்றில்லை. பாளையங்கோட்டைக்குப் போய் டீச்சர் டிரெயினிங் படிக்க வேண்டும், அவ்வளவுதான். பள்ளிப் படிப்பு முடித்த வருடம்தான் அம்மா இறந்தாள். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். தீப்பெட்டி செய்கிற ஊருக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தும் ஓர் அடுப்பைப் பற்றவைக்கத் தெரியாது அவருக்கு. யார் சமைத்துப் போடுவது? "அடுத்த வருசம் பாப்போம்மா" என்றார். அடுத்த வருடமும் அதையேதான் சொன்னார். இதில் கல்யாணமும் வந்து சேர்ந்தால் பாளையங்கோட்டையை மறந்துவிட வேண்டியதுதான்.

அதனால் ஒவ்வொன்றையும் கவனித்தேன். மதுரைக்குப் போகவே மூக்கால் அழுகிற அப்பா, இந்தப் பயணத்துக்கு மறுபேச்சுப் பேசவில்லை. அதுவே தப்பாகப் பட்டது. போதாததற்கு அவ்வப்போது என் முகத்தை ஏக்கமாகப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். அத்தை அவருக்கு ஒரு புதுச் சட்டை வாங்கி வந்தாள். "மூக்குப்பொடியை இன்னையோட விட்டுரு. மீசையைக் கொஞ்சம் கத்தரிச்சுக்க" என்று உத்தரவும் போட்டாள். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் மாமனார் லட்சணமாக இருக்க வேண்டாமா? எனக்கு ஏன் ஒன்றும் வாங்கவில்லை என்றும் யோசித்தேன். சந்தேகம் வரக்கூடாதென்று செய்கிற தந்திரம் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

"சனிக்கிழமை நாலு மணிக்குப் புலிக்கூண்டுகிட்ட நின்னுறணும்" என்றாள் அத்தை.

"ஏன் அத்தை, புலி அதுக்கப்புறம் எங்கயாச்சும் போயிருமா?"

"அது புலிக்குத் தீனி போடுற நேரம்டி."

பேச்சில் பிசிறே இல்லை. பொய்யை இவ்வளவு சுத்தமாகச் சொல்கிற மனுஷியிடம்தான் ஊசி போட்டுக்கொள்ள ஜனங்கள் நம்பிக் கையை நீட்டுகிறார்கள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. மறுநாளே திருத்தங்கலுக்கு பஸ் ஏறினேன். அத்தை கொல்லையில் துணி காயப்போட்டுக் கொண்டிருந்தாள்.

"யாரு அத்தை அந்த மாப்பிள்ளை?"

"எந்த மாப்பிள்ளை?"

"நாலு மணிக்குப் புலிக்கூண்டுகிட்ட நிக்கப் போறவன். என்னைய என்ன, கூண்டுல அடைச்சுக் காட்டப் போறீகளா?"

அத்தை ஈரச் சேலையைக் கையில் பிடித்தபடி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு என் கண்ணைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"மாப்பிள்ளை யாரும் வரல ஞானஜோதி. வாறது ஜெபராணி. என்கூட நர்ஸ் படிச்சவ. திருவனந்தபுரத்துலதான் வேலை பாக்கா. நாப்பது வயசாச்சு, கல்யாணம் ஆகல. அவ பாக்க வாறது உன்னைய இல்ல. உங்க அப்பனை."



"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா ரயில் ஏறுவானா? உனக்கு மாப்பிள்ளை பாக்கப் போறோம்னு அவனா நெனச்சுக்கிட்டான். நானும் இல்லைன்னு சொல்லல."

"எங்க அம்மா இடத்துக்கு ஒருத்தியா?"

"அவ இடத்துக்கு யாரும் வர முடியாது. அவ அடுப்புக்கு ஒரு ஆளு வேணுமில்ல? இல்லைன்னா நீ எப்பம் பாளையங்கோட்டைக்குப் போவ?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் எல்லார் மேலும் கோபமாக வந்தது. முகம் தெரியாத அந்த ஜெபராணி மேல் கோபம். அத்தை சொன்னதில் நியாயம் இருந்ததால் அவள் மேல் இரண்டு மடங்கு கோபம். அம்மா புழங்கிய சட்டிபானையை இன்னொருத்தி தொடுவதா? நான் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் நின்றுவிடும். சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் வீட்டுக்குள் நுழைந்தேன்.

அப்பா எனக்காகவே காத்திருந்ததுபோல எழுந்தார்.

"ஜோதி, இங்கன வாம்மா. நீ மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கிறதை நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். உனக்கு இஷ்டமில்லைன்னா திருவனந்தபுரமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அக்காகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். நீ பாளையங்கோட்டைக்கே போ. வர்ற ஜூன்லயே சேந்துரு."

"உங்களுக்குச் சாப்பாடு?"

"கிளப்புக்கடை எதுக்கு இருக்கு? பள்ளிக்கூடம் விட்டா அங்கன சாப்பிட்டு வந்து படுத்துக்கிடுதேன். எனக்கு என்ன."

எத்தனை நாளாக இந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன்! வாங்கிக்கொண்டு துள்ளியிருக்க வேண்டும். துள்ள முடியவில்லை. கிளப்புக்கடையில் சாப்பிட்டுவிட்டு, பேச ஆளில்லாத வீட்டைத் திறந்து உள்ளே வருகிற அப்பாதான் கண்ணில் நின்றார். அம்மாவை நினைத்தால் எல்லாவற்றையும் சொல்லி நிறுத்திவிடத் தோன்றியது. அவரை நினைத்தால் சொல்லக் கூடாது என்று தோன்றியது.

"இல்லப்பா, போவோம்" என்றேன்.

"எதுக்கும்மா? எனக்காகச் சொல்லாத."

"நாம கண்டிப்பாப் போகணும்பா. நாலு மணிக்கு முன்னாடியே போய் நின்னுருவோம்."

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் முகத்தில் இதுவரை நான் காணாத ஒரு சந்தேகம் மெல்லப் பரவியது.

"ஏட்டி, நெசத்தைச் சொல்லு" என்று குரலைத் தாழ்த்தினார். "வாறவனை உனக்கு முன்னாலேயே தெரியுமா?"

"தெரியாதுப்பா. நல்லவுகளாத்தான் இருப்பாக" என்றேன். குரல் உடையாமல் அதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.