குவாரித் தூண்

செம்பூர் மலையடிவாரச் சந்தின் முனையில் நிற்கும் செங்கல் தூணை யார் கட்டினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. அடி அகன்று, மேலே போகப் போகச் சிறுத்து, சுடலைமாடனுக்கு எழுப்பும் பீடம் போலவே இருக்கும். திருநெல்வேலியிலிருந்து பிழைக்க வந்த முதல் ஆட்கள் அதைக் கண்டதும், "நமக்கு முந்தியே மாடன் பம்பாய்க்கு வந்துட்டாருல்லா!" என்று வெள்ளையடித்துக் கும்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ஊர்க்கோயிலிலிருந்து பிடிமண் எடுத்து வராமல் சாமி எப்படி வந்தது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

போன வாரம் அனந்த் என்ற மாட்டுங்காக்காரர் வந்தார். பழைய கட்டடங்களைப் பட்டியல் எடுப்பவர். கும்பிட வந்த முப்பிடாதியம்மாளிடம் அவர் காட்டிய பழைய புகைப்படத்தில் இதே தூண் இருந்தது, உச்சியில் ஒரு கொடியோடு.

"இது சாமியில்லைம்மா. வெள்ளைக்காரன் காலத்துல இங்க கல்குவாரி இருந்தது. வெடி வைக்கறதுக்கு முன்னாடி இதுலதான் சிவப்புக் கொடி ஏத்துவா."

பூசாரி பூதத்தான் அசரவில்லை. "கொடிக்கம்பம்னா மாடன் குடியிருக்கக் கூடாதா சார்?" என்றார். சந்தே சிரித்தது.

முப்பிடாதியம்மாளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் ஸ்டவ்விலிருந்து பிடித்த தீயில் நாலு குடிசைகள் எரிந்துபோயின. பழிக்குப் பயந்து, "பொன்செல்வி ஸ்டவ்வுதான்" என்று இந்தத் தூணின்மேல் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தாள். பொன்செல்வி அவள் கணவனின் தங்கை, பக்கத்துக் குடிசை. ஊர் ஏச்சுத் தாங்காமல் விக்ரோலிக்குப் போய்விட்டாள்.

அதன்பின் புருஷனுக்குக் கால் முறிந்தாலும், மகளுக்குக் கரு கலைந்தாலும் முப்பிடாதிக்குக் காரணம் தெரியும். வருஷா வருஷம் கொடைத் திருவிழாவில் மாடனுக்குச் சேவல் அறுத்து மன்னிப்புக் கேட்டாள்.

இப்போது மாடனே இல்லையாம். அப்பாடா என்று இருந்தது. அந்த நிம்மதி சாயங்காலம்வரைகூட நிற்கவில்லை. அப்படியென்றால் இத்தனை வருஷம் மன்னிப்புக் கேட்டது வெறும் செங்கல்லிடமா? கேட்டிருக்க வேண்டியவள் விக்ரோலியில் அல்லவா இருக்கிறாள்!

மறுநாள் காலையில் பஸ் ஏறிப் போனாள். கதவைத் திறந்த பொன்செல்வி, "வாங்க மைனி" என்று சொல்லி முடிப்பதற்குள், முப்பிடாதி வாசலிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"அன்னைக்குத் தீப்பிடிச்சது என் ஸ்டவ்வுலதான் பொன்செல்வி. நான் பொய்ச் சத்தியம் பண்ணிட்டேன்."

பொன்செல்வி ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை என்று இருந்தது முப்பிடாதிக்கு.

"மாடன் முன்னால சூடம் அணைச்சுல்லா சொன்னிய," என்றாள் பொன்செல்வி மெதுவாக. "அப்பம் நாந்தான் ஸ்டவ்வ அணைக்க மறந்திருப்பேன்னு நம்பிட்டேன். இன்னைக்கும் ராத்திரி ரெண்டு மட்டம் எந்திரிச்சு அடுப்பத் தொட்டுப் பாக்கேன், மைனி."