கிருமிக்காரியின் கை

கல்லுக்காட்டு வரப்பில் காலையில் கழற்றிப் போட்ட செருப்பு சாயங்காலத்துக்குள் துளிர் விட்டுவிடும். வேலைக்கு வந்தவர்கள் துளிரைக் கிள்ளி எறிந்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போவார்கள். இத்தனைக்கும் கிருமிக்காரி அந்தக் காட்டுக்காரன் வீட்டுக்கு மருமகளாக வரும்வரை அங்கே களைகூட ஒழுங்காக முளைத்ததில்லை. அவள் நுண்ணுயிர் உரம் தயாரிக்கும் கூடத்தில் வேலை பார்த்தவள். ஊர் வைத்த பட்டப்பெயருக்காக அவள் கோபித்துக்கொண்டதே இல்லை. முதல் விதைப்பில், கரித்தூள் மாதிரி இருந்த உரத்தைச் சர்க்கரைத் தண்ணீரில் குழைத்து, பயறு விதையில் பிசறி, நிழலில் உலர்த்தினாள். புருஷன் சிரித்தான்.

“கண்ணுக்கே தெரியாத ஜீவன் என் கல்லை மண்ணாக்கப் போகுதாக்கும்?”

“கண்ணுக்குத் தெரியிற நீங்க இத்தனை வருஷமா என்னத்தைக் கிழிச்சீங்க?”

அந்த வருடம் செடிகளின் வேரில் முடிச்சு முடிச்சாகப் பிடித்தது. மண் பொங்கத் தொடங்கியது. வருடத்துக்கு ஒரு சாண் உயர்ந்ததால் வயலில் ஏறப் படி கட்ட வேண்டியிருந்தது. தரையில் காதை வைத்தால் உலை கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். சாயங்காலமானால் இருவரும் அதைக் கேட்கப் படுத்துக்கொள்வார்கள். நகக்கண்ணில் கரி படிந்த அவள் கையை அவன் விடவே மாட்டான்.

அம்மாவுக்கு உடம்பு முடியாமல் அவள் ஊருக்குப் போனபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். “இலை பழுத்தாலும் பரவாயில்ல. நான் வர்ற வரைக்கும் மண்ணுல எந்த மருந்தும் ஊத்திடாதீங்க.” மண்டையை மண்டையை ஆட்டினான். பிறகு இலைகளில் புள்ளி விழுந்தது, அவன் பயிர் மருந்துக் கடைக்கு ஓடினான். மருந்துக்கடைக்காரர் கொடுத்ததைப் பாசனத் தண்ணீரில் கலந்துவிட்டான், நல்லதுதானே என்று ஒரு பங்கு கூடுதலாகவே.

அவள் திரும்பி வந்தபோது வயல் படிக்குக் கீழே இறங்கிக் கிடந்தது. காதை வைத்துக் கேட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. “புள்ளியெல்லாம் போயிடுச்சு பாரு,” என்றான் அவன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இன்றைக்கும் நினைக்கிறான். உரக்கூடத்தை அதற்குள் இழுத்து மூடிவிட்டிருந்தார்கள். அந்தக் கிருமிகளில் உயிரோடு மிச்சமிருந்தது அவள் நகக்கண்ணில் இருந்தது மட்டும்தான். அவள் வயலின் நடுவில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் மணிக்கட்டுவரை மண்ணுக்குள் விட்டாள்.

இருட்டியதும் கூப்பிட்டான். இன்னும் கொஞ்ச நேரம் என்றாள். மறுநாளும் அதையே சொன்னாள். அடுத்த மழைக்குள் வேர்கள் அவள் விரல்களைச் சுற்றிக்கொண்டன. மண்வெட்டியோடு போய் நின்றவனிடம், “வேண்டாங்க, இப்பத்தான் உயிர் பிடிச்சிருக்கு,” என்றாள்.

தலைக்கு மேல் ஒரு தகரக் கூரை போட்டுக் கொடுத்தான். சோறு ஊட்டுகிறான், தலை வாரிவிடுகிறான். வயல் மறுபடி உயர்கிறது, அவளும் கூடவே உயர்கிறாள். வழியில் போகிறவர்கள் நின்று நலம் விசாரித்துவிட்டுப் போகிறார்கள். விளைச்சலுக்குக் குறையில்லை. ஆனால் அந்த மருந்தை நினைத்து அவன் அழாத நாள் இல்லை. சாயங்காலம் அவள் பக்கத்தில் படுத்து, மண்ணுக்குள் விரலை நுழைத்துத் துழாவுவான். சில நாட்களில் உள்ளேயிருந்து ஏதோ ஒன்று மெல்லப் பற்றிக்கொள்ளும். அவள் விரலா, வெறும் வேரா என்று அவன் தோண்டிப் பார்ப்பதில்லை.