இரண்டாவது ஜவ்வு

ஆபரேஷன் தியேட்டரில் நாகஜோதியின் வலது கை விரல்களைக் கம்பிவலை உறைகளில் மாட்டி, கையை மேலே தொங்கவிட்டிருந்தார்கள். தோளருகே போட்ட ஊசியில் கை மரத்திருந்தது. அவள் விழித்துத்தான் இருந்தாள்.

அவிநாசியில் ஒரு பனியன் கம்பெனியில் அவள் டெய்லர். மூன்று மாதத்துக்கு முன் மழையில் கம்பெனி வேன் படியில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தாள். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. சுளுக்கு என்று நினைத்துக் கட்டுப் போட்டபடியே தைத்தாள். துணியைத் திருப்பும்போதெல்லாம் மணிக்கட்டு சொடுக்கியது. ஸ்கேனில்தான் சுண்டுவிரல் பக்கத்து ஜவ்வு கிழிந்திருப்பது தெரிந்தது.

“சின்னச் சின்ன ஓட்டை போட்டு உள்ள தச்சுரலாங்க. மூணு மாசத்துல வேலைக்குப் போயிரலாம்” என்றிருந்தார் டாக்டர் சத்யப்பிரியா.

பேனா ரீஃபில் தடிமனில் ஒரு கேமரா மணிக்கட்டுக்குள் நுழைந்தது. டிவியில் கிழிந்த ஜவ்வின் வெள்ளைப் பிசிறுகள் தண்ணீருக்குள் ஆடின. டாக்டர் கேமராவைக் கட்டைவிரல் பக்கம் நகர்த்தினார். இரண்டு எலும்புகளுக்கு நடுவே கொக்கிக் கம்பியை விட்டார். அது தடையே இல்லாமல் உள்ளே போய்ச் சுழன்றது. டாக்டர் அதை வெளியே இழுத்து, மறுபடி விட்டுப் பார்த்தார்.

“என்னங்க டாக்டர்?”

“இன்னொரு ஜவ்வும் போயிருக்குங்க. ஸ்கேன்ல தெரியல. இதையும் இப்படியே தச்சுரலாம். ஆனா எலும்பு நவுராம இருக்க ரெண்டு கம்பி குத்தோணும். வேலைக்குப் போக ஆறு மாசத்துக்கு மேல ஆகும். நீங்க ஒத்துக்கிட்டாத்தான் செய்வேன்.”

“எங்க வீட்டுக்காரர்ட்ட கேளுங்க.”

வெளியே போன நர்ஸ் கீர்த்தனா திரும்பி வந்தாள். “உங்க வீட்டுக்காரரைக் காணோங்க. போனும் எடுக்கலீங்க.”

ரத்தம் வராமலிருக்க மேற்கையில் இறுக்கியிருந்த பட்டை, மரப்பு ஊசியையும் மீறி எரியத் தொடங்கியிருந்தது. அதை அதிக நேரம் வைத்திருக்கக் கூடாது. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“இப்ப விட்டுட்டா?” என்று கேட்டாள் நாகஜோதி.

“பின்னால எலும்பு தேஞ்சுரும். நாள் போகப் போக இழுத்துத் தைக்கவும் வராதுங்க.”

“தச்சா, மறுபடி மெஷின்ல உக்காருவனா?”

“உறுதியாச் சொல்ல முடியாதுங்க. வாய்ப்பு நல்லா இருக்குது.”

நாகஜோதி டிவியைப் பார்த்தாள். அந்த இடைவெளி திறந்தே கிடந்தது.

“செஞ்சுருங்க. அவர்ட்ட நான் சொல்லிக்கிறேன்.”

கீர்த்தனா நீட்டிய தாளில் இடது கையால் கோணலாகக் கையெழுத்திட்டாள்.

முதல் நூல் முடிச்சுப் போடும்போதே அறுந்தது. டாக்டர் வேறு நூல் கேட்டார். பட்டையின் வலியில் நாகஜோதி பல்லைக் கடித்துக்கொண்டாள். இரண்டாவது நூல் நின்றது. கம்பிகள் இறங்கின. பட்டையைத் தளர்த்தியபோது அவளுக்கு அழுகை வந்தது.

மருந்துக்கடை வரிசையில் நின்றிருந்த அவள் கணவன் ராக்கையா பதறிக்கொண்டு வந்தான். “என்னைய ஒரு வார்த்தை கேக்காமயா?”

“கூப்புட்டாக. நீங்க எடுக்கல.”

அவன் கட்டுப் போட்ட கையைப் பார்த்தபடி ஸ்டூலில் உட்கார்ந்தான்.

ஒன்பதாவது வாரம் கம்பிகளை எடுத்தார்கள். மணிக்கட்டு கட்டையாக இருந்தது. பயிற்சி கொடுத்தவர் மடக்கும்போதெல்லாம் கத்தினாள். ஏழாம் மாதம் கம்பெனிக்குப் போனாள். முதலில் செக்கிங் மேஜை, பிறகு மெஷின். துணியைத் திருப்பினாள். வலித்தது, சொடுக்கவில்லை.

ஈரத்துணி பிழிய மட்டும் இன்னும் முடியவில்லை. ராக்கையாதான் பிழிந்து கொடியில் போடுகிறான்.