விசாலாக்ஷி கேட்ட சுவர்

1964இல் சங்கரன் செம்பூரில் கட்டிய வீட்டுக்கு ஓட்டுக்கூரையும் இல்லை, அலங்காரத் தூண்களும் இல்லை. வெள்ளைப் பெட்டியைப் படுக்க வைத்தாற்போல் இருந்தது. முன்வாசலில் நின்றால் கூடம், சமையல் மேடை, கண்ணாடிக் கதவுகளுக்கு அப்பால் தோட்டம் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். நடுவில் சுவரே கிடையாது. வரைபடம் போட்டவள் ஷ்யாமளா, அண்மையில்தான் கட்டடக் கலை படித்து முடித்த மாட்டுங்காப் பெண்.

சங்கரனின் மனைவி விசாலாக்ஷிக்கு முகம் சுண்டிவிட்டது.

"நான் அப்பளம் பொரிக்கறதை ஊரே பார்க்கணுமா?"

"எல்லாரும் கூடத்துல பேசிண்டிருக்கச்சே நீங்க மட்டும் ஏன் மாமி தனியா வேகணும்?"

"எனக்குச் சுவர் வேணும்."

"சரி மாமி, உங்க ஆம், உங்க இஷ்டம்" என்றாள் ஷ்யாமளா. வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டாள். கிரகப்பிரவேசத்துக்கு மறுநாள் சுவர் எழுப்ப மேஸ்திரி அய்யாத்துரையிடம் சொல்லியாயிற்று.

கிரகப்பிரவேசத்தன்று மழை கொட்டியது. பந்திக்காகத் தோட்டத்தில் போட்ட பந்தல் சரிந்து விழுந்தது. மாட்டுங்காவிலிருந்தும் சுனாபட்டியிலிருந்தும் வந்த உறவினர் கூட்டம் சொட்டச் சொட்ட உள்ளே புகுந்தது.

"இத்தனை பேரை எங்கே உட்கார வைக்கறது?" என்று தவித்தார் சங்கரன்.

ஷ்யாமளா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "கூடத்துலயே இலை போடுங்கோ மாமா!"

வாசலிலிருந்து கண்ணாடிக் கதவுவரை நீளமாகப் பந்தி அமைந்தது. மேடையருகே நின்ற விசாலாக்ஷிக்கு ஒவ்வொரு இலையும் தெரிந்தது.

"பஞ்சுவுக்குப் பாயசம் விடலை பாரு!" என்று குரல் கொடுத்தாள்.

"விட்டாச்சு அக்கா, குடிச்சும் ஆச்சு!" என்றான் அவள் தம்பி பஞ்சு. கூடமே சிரித்தது. கரண்டியும் கையுமாக அவளும் சிரித்தாள். இதுவரை எந்த விசேஷத்திலும் சிரிப்பு ஓய்ந்தபிறகுதான், சமையலறையிலிருந்து வந்து 'என்ன சொன்னான்?' என்று யாரையாவது கேட்டுத் தெரிந்துகொள்வாள்.

மறுநாள் அய்யாத்துரை கலவையோடு நின்றார். "அம்மா, செவர எங்கன இருந்து ஆரம்பிக்கட்டும்?"

"சுவர் வேண்டாம் மேஸ்திரி."

"கலவ போட்டாச்சே!"

"தோட்டத்துல துளசி மாடம் கட்டுங்கோ." அப்போதுதான் வந்த ஷ்யாமளாவின் பக்கம் திரும்பினாள். "ப்ளான் நீதான் போடணும்."

ஷ்யாமளா நம்ப முடியாமல் பார்த்தாள். பிறகு ஈரப் படியிலேயே உட்கார்ந்து பென்சிலை எடுத்தாள். மூலைகள் கூர்மையாக, வெறும் சதுரமாக ஒன்று வரைந்து காட்டினாள்.

"இதுவும் பெட்டியா?" என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள் விசாலாக்ஷி. "கொஞ்சம் வளைச்சுப் போடேண்டி!"