இடது பக்க மட்கார்டு

மழை வண்டியைக் கழுவிவிடும் என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. என் வீட்டுக்காரர் பிசுன் தேவும் அந்தக் கட்சிதான். மழை எங்கே கழுவுகிறது? வானத்தில் கிடக்கும் புகையையும் தூசியையும் வாரிக்கொண்டு வந்து வண்டியின் தலையில் கொட்டிவிட்டுப் போகிறது. வெயில் அடித்ததும் ஒவ்வொரு துளியும் காய்ந்து வட்டக் கறையாக உட்கார்ந்துவிடும். ஃபிஜித் தீவில், எங்கள் சுவா ஊரில் வருஷம் முழுக்க இந்தக் கூத்துதான்.

டாக்ஸி ஓட்டுவது அவர் வேலை. பெயிண்ட் என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை ரொட்டி சுட்டு முடித்ததும் முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கிவிடுவேன். முதலில் ஹோஸ் பைப்பால் மண்ணைத் தள்ளிவிட வேண்டும். அதற்கு முன் துணி பட்டால் மணல் உரசிக் கோடு விழும். அப்புறம் வண்டிக்கான ஷாம்பு, ஈரம் போகத் துடைப்பது, கடைசியில் மெழுகு. மெழுகு பிடித்த பெயிண்டில் மழைத் தண்ணீர் ஒட்டாது. முத்து முத்தாக நின்று, வண்டி நகர்ந்ததும் உருண்டு ஓடிவிடும். பாத்திரம் கழுவும் சோப்பை மட்டும் கிட்டே கொண்டுவரக் கூடாது. எண்ணெய்ச் சட்டியையே உரித்துவிடுகிற சோப்பு மெழுகை விட்டுவைக்குமா?

போன மாதம் ஒரு காலை, அவர் உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்தார். லேசாகத் தூறல் போட்டது. வண்டிக் கூரையில் மைனா எச்சம் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, குடையும் ஈரத் துணியுமாக வெளியே போனேன். அதை விட்டுவைத்தால் பெயிண்டை அரித்துவிடும். துடைத்துவிட்டு ஒரு சுற்று சுற்றி வந்தேன். பானெட்டில் முத்து. கதவுகளில் முத்து. இடது பக்க முன் மட்கார்டில் மட்டும் தண்ணீர், நனைந்த துணி மாதிரி தட்டையாகப் படுத்திருந்தது.

நேராகச் சமையலறைக்குப் போய் சோப்பு பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். முந்தின நாள் பிரித்த பாட்டில், கழுத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. தான் குடித்த டீ கப்பைக்கூடக் கழுவி வைக்காத மனுஷன், மட்கார்டைக் கழுவியிருக்கிறார். அதுவும் எனக்குத் தெரியாமல்.

"மட்கார்டுல என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ணினேன்?"

"அதத்தான் நானும் கேக்கறேன்."

"மைனா எச்சம் போட்டுச்சு. கழுவினேன்."

"மைனாவா? அவ்வளவு எடத்துக்கு எச்சம் போடணும்னா அது மாடா இருக்கணும்."

"ரொட்டி கருகுது பாரு," என்றார்.

அடுப்பில் ரொட்டியே இல்லை. அவர் ரேடியோவில் செய்தியைச் சத்தமாக வைத்துக்கொண்டு அதற்குள் தலையைப் புதைத்துக்கொண்டார். பாட்டு வந்தால் மட்டும் காது கொடுக்கிற ஆள், கொஞ்ச நாளாகச் செய்தி கேட்க ஆரம்பித்திருந்ததும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவர் குளிக்கப் போனதும் மட்கார்டின் அடி விளிம்பை விரலால் தடவினேன். சக்கரத்துக்கு மேலே ஓரிடத்தில் கொப்புளம் கொப்புளமாகத் தட்டியது. குனிந்து பார்த்தால், காய்ந்த மாவு ஒட்டின மாதிரி வெள்ளைப் பெயிண்ட். உரசலை மறைக்க யாரோ அரைகுறையாகப் பூசியிருந்தார்கள். யாரோ என்ன யாரோ! அந்த அழகான கைவேலை யாருடையது என்று எனக்குத் தெரியாதா?

வாயை மூடிக்கொண்டேன். கேட்டால் இன்னொரு மைனா வரும், வேறென்ன?

அடுத்த வாரம் பக்கத்து வீட்டு மெரேசெய்னி, வேலி ஓரமாக மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"அக்கா, நேத்து மழையில அண்ணனப் பாத்தேன். கடலோரம் சீ வால் சுவர் பக்கம், தூங்குமூஞ்சி மரத்தடியில வண்டி நின்னுச்சு."

"சவாரிக்காக நின்னிருப்பாரு."

"இருக்கும். ஆனா நான் மார்க்கெட் போறப்பவும் நின்னுச்சு, வர்றப்பவும் நின்னுச்சு." கத்தியை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "முன் சீட்டுல யாரோ இருந்த மாதிரி இருந்துச்சு. எனக்கென்ன தெரியும், கண்ணாடியெல்லாம் ஆவி."

அவள் போட வேண்டியதைப் போட்டுவிட்டுக் கிழங்கை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் நேராக உள்ளே போய் டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போன் போட்டேன். அங்கே போன் எடுக்கிற கியான், எங்கள் கல்யாணத்தில் தண்ணீர் பரிமாறிய பையன், இப்போது தலை நரைத்துவிட்டது.

"அண்ணி, இத நானே உங்ககிட்ட கேக்கணும்னு இருந்தேன். மழை வந்தா எங்க எல்லாருக்கும் மூச்சு விட நேரமில்ல. அண்ணன் மட்டும் மழை வந்தா காணாமப் போயிடறாரு. போனும் எடுக்கறதில்ல." கொஞ்சம் சிரித்தான். "மழைக்கு வீட்டுல சூடா பஜியா சுடறீங்க போலன்னு நாங்க பேசிக்குவோம்."

"ஆமா, இங்கதான் வராரு," என்று சொல்லி வைத்துவிட்டேன். என் வீட்டு மானத்தை ஸ்டாண்டில் ஏலம் விட நான் தயாராக இல்லை.

மழை என்றால் டாக்ஸிக்காரனுக்கு அறுவடை. அந்த நேரத்தில் ஒருவன் வண்டியை ஓரங்கட்டுகிறான் என்றால் அறுவடையைவிடப் பெரிதாக ஏதோ இருக்க வேண்டும். யாரோ ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு என்ன வயசிருக்கும், என்னைவிட நன்றாகப் பஜியா சுடுவாளோ என்றெல்லாம் புத்தி போயிற்று. அவள் வீட்டுக் கேட் குறுகலாக இருக்கும், வண்டி உரசியிருக்கும். அவள் வீட்டுக் கேட்டில் பட்ட தடத்தை என் வீட்டுச் சோப்பைப் போட்டுக் கழுவியிருக்கிறார் பாருங்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பிள்ளை ஆக்லாந்துக்குப் போய்விட்டான். எனக்கு என்று மிச்சம் இருந்தது இந்த மனுஷனும் இந்த வண்டியும்தான். இரண்டையும் ஒரே நேரத்தில் ஒருத்தி ஓட்டிக்கொண்டு போவதை நான் சும்மா பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன்.

வியாழக்கிழமை மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. மஞ்சள் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு, தலைக்கு மேல் அதன் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். ஜன்னல் தார்ப்பாயெல்லாம் இறக்கிவிட்டிருந்தார்கள். பஸ்ஸுக்குள் இருட்டு, என் மனசு மாதிரியே.

மெரேசெய்னி சொன்ன இடத்தில் வண்டி நின்றது. அந்த மரத்தடியில் நிறுத்தாதீர்கள், பூவும் பிசினும் பெயிண்டில் ஒட்டிக்கொண்டால் எடுப்பதற்குள் என் உயிர் போகிறது என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது. ஆவி படிந்த கண்ணாடிக்குள் முன் சீட்டில் ஒரு உருவம் தெரிந்தது. ஓட்டுகிற பக்கம் போய் கண்ணாடியை நறுக்கென்று தட்டினேன்.

கண்ணாடி பாதி இறங்கியது. அவருக்குப் பக்கத்து முன் சீட்டில் இருந்தது அவருடைய கோட்டு. சீட்டின் முதுகில் மாட்டிவிட்டிருந்தார். வேறு யாரும் இல்லை. அவர் மடியில் பாதி தின்ற ரொட்டி.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்கும் அவருக்கும் நடுவே ஒரு கை தூரம்கூட இல்லை.

"வண்டி காலி இல்ல மேடம்," என்றார்.

நடிக்கிறார் என்று நினைத்தேன். அவள் இனிமேல்தான் வரப்போகிறாள், அதனால் என்னைத் தெரியாத மாதிரி விரட்டுகிறார் என்று நினைத்தேன். இன்னும் குனிந்து முகத்தைக் காட்டினேன். கண்களைச் சுருக்கிக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களிடம் பேசும் அந்த மரியாதைக் குரலில் திரும்பச் சொன்னார்.

"ஸ்டாண்டுல கேளுங்க மேடம். வேற வண்டி அனுப்புவாங்க."

என் கோபமெல்லாம் அந்த இடத்திலேயே வடிந்துபோயிற்று.

"ஏங்க," என்றேன்.

அவர் முகம் வெளிறியது. "வித்யா? நீ எங்க இங்க?"

சுற்றிப் போய்க் கோட்டைத் தூக்கிப் பின்னால் போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

"எத்தன நாளா கண்ணு தெரியல?"

"தெரியுது. வெயில்ல நல்லாவே தெரியுது." ரொட்டியைச் சுருட்டினார், பிரித்தார். "மழை வந்தாத்தான். கண்ணாடில விழற ஒவ்வொரு துளியும் வெளிச்சமா வெடிக்குது. ரோடே தெரியல. அதான் நின்னுடறேன்."

"டாக்டர்ட்ட போக வேண்டியதுதானே?"

"போனா மொதல்ல லைசென்ஸ எடுத்துப்பாங்க. மருந்தெல்லாம் அப்புறம்தான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் சந்தோஷமாக இருந்தது. பெண் இல்லை, வெறும் கண். பஜியாகூட இல்லை.

"அப்போ மட்கார்டு?" என்றேன், பாதிச் சிரிப்பில்.

"சமபுலா எறக்கத்துல ஒரு போஸ்ட்டுல உரசிடுச்சு. மழை அப்படிக் கொட்டிச்சு."

"எறங்கிப் பாத்தீங்களா?"

"பின்னாடி பஸ்காரன் ஹார்ன் அடிச்சான்."

"பாத்தீங்களா இல்லையா?"

ரொட்டியை டாஷ்போர்டில் வைத்தார்.

"போஸ்ட்டுதானே?"

"போஸ்ட்டுன்னுதான் நெனக்கிறேன்." குரல் இறங்கிவிட்டது. "வீட்டுல வந்து பாத்தேன். கருப்பா என்னமோ ஒட்டியிருந்துச்சு. சேறா, வேற எதாவதான்னு எனக்குத் தெரியல வித்யா. அதான் பாத்திர சோப்பப் போட்டுத் தேச்சேன். தினமும் செய்தி கேக்கறேன். ஒண்ணும் வரல."

இதற்குப் பதில் நான் நினைத்த அந்தப் பஜியாக்காரி நிஜமாகவே இருந்திருந்தால்கூடத் தேவலை என்று எனக்குத் தோன்றியது. சத்தியமாகத் தோன்றியது.

"இந்தப் பக்கம் வாங்க. நான் ஓட்டறேன்."

லைசென்ஸ் எனக்கும் உண்டு. ஆனால் வண்டியைக் கழுவ முற்றத்தில் முன்னும் பின்னும் நகர்த்துவதோடு சரி. வைப்பர் போட்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மெதுவாக உருட்டினேன். பானெட்டில் முத்துக்கள் உருண்டு ஓடின. வழியெல்லாம் அவர் கண்ணாடியில் ஆவியைத் துடைத்துக்கொண்டே வந்தார். சமபுலா சர்ச் தாண்டியதும், இறக்கத்தில், "இங்கதான் எங்கயோ," என்றார்.

பஸ் நிழற்குடை ஒன்று இருந்தது. நிறுத்திவிட்டு இறங்கினேன்.

அதன் முன்பக்க இரும்புக் கால், கறுப்புப் பெயிண்ட் அடித்தது. முழங்கால் உயரத்தில் பெயிண்ட் உரிந்து, அந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு. நகத்தால் சுரண்டினேன். நான் வாரம் தவறாமல் மெழுகு போடுகிற வெள்ளை எனக்குத் தெரியாதா? போஸ்ட்டுதான். கடவுளே, போஸ்ட்டுதான். அப்படியே அந்தக் காலைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"உள்ள வாங்க ஆன்ட்டி, நனையறீங்க."

நிமிர்ந்தேன். அந்தக் காலை ஒட்டியே பெஞ்சு. பெஞ்சு நிறையப் பள்ளிக்கூடப் பிள்ளைகள், சீருடையில், மழைக்கு ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் இருந்த சிறுமி எனக்காக நகர்ந்து இடம் விட்டாள். நகர்வதற்கு முன் அவள் முழங்காலுக்கும் அந்த வெள்ளைக் கோட்டுக்கும் நடுவே என் உள்ளங்கை அகலம்தான் இருந்தது. அவள் விட்ட இடத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பி வண்டிக்கு வந்தபோது அவர் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"போஸ்ட்டுதானே?"

"போஸ்ட்டுதான்."

முகத்தைக் கைகளால் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பழைய ஆளாகிவிட்டார். "நான்தான் சொன்னேன்ல? மழை நின்னுட்டா ஒரு பிரச்சனையும் இல்ல. நாளைக்கு வெயில் வந்ததும் நான் பாட்டுக்கு..."

அவர் பக்கத்துக் கதவைத் திறந்தேன். "எறங்குங்க."

"மழை பெய்யுது."

"எறங்குங்கன்னேன்."

கையைப் பிடித்துக் கூட்டிப் போய், விரல்களை அந்தக் கோட்டின் மேல் வைத்தேன். தடவிப் பார்த்தார். "நம்ம பெயிண்டுதான்," என்றார், சிரிக்கிற மாதிரி. அந்தக் கையை அங்கிருந்து எடுத்து, கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தினேன். நனைந்த புத்தகப் பை ஒன்றில் பட்டது. பையின் சொந்தக்காரி கிளுக்கென்று சிரித்துவிட்டு, அதை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"உக்காருங்க அங்கிள். எடம் இருக்கு."

அவர் பெஞ்சைக் கையால் துழாவிக் கண்டுபிடித்து, மெதுவாக உட்கார்ந்தார். இந்தப் பக்கம் அந்தச் சிறுமி, அந்தப் பக்கம் போஸ்ட். பஸ் வந்தது, பிள்ளைகள் கத்திக்கொண்டே ஏறிப் போனார்கள். மழை விட்டு, ரோட்டில் வெயிலும் அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை. சாவி என் ரெயின்கோட்டுப் பைக்குள் இருந்தது. அவர் அதைக் கேட்கவில்லை.